ஆறு கிளாஸ், ஐந்து பாட்டில்

முதல் முயற்சி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. அதுதான் தப்பு. ஐந்து விஸ்கி பாட்டிலையும் வரிசையாக வைத்து, நோட்டைத் திறந்து, கிளென்லிவெட்டை மூக்கருகே கொண்டுபோனால் புகை வாசம் தூக்கியடித்தது. அடடா, இத்தனை வருடம் இதைக் கவனிக்கவில்லையே என்ற பரவசத்தில் ‘மெல்லிய புகை, பழைய கோயில் பிரகாரம்’ என்று எழுதியே விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். “இந்தக் கண்றாவிக்கும் சேத்தே காட்டிட்டேன், நல்லா இரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன்.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம், பெங்களூர் வந்து 11 வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்தில் விஸ்கி என்றால் ஒரு குவார்ட்டர், மூன்று பேர், ஒரு கோலா பாட்டில், ஒரு பாக்கெட் மிக்சர். மூக்குக்கு அதில் வேலையே கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, முகத்தைச் சுளித்து, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பதுதான் முறை. அந்தச் சரக்கு பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில், முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் சரக்கைக் கொஞ்சம் கலந்து நிறமேற்றியது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மொலாசஸில் வடித்தால் அது ரம்முக்குத்தான் சொந்தம். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி தானியத்தில் வடித்தால்தான் விஸ்கி, அதனால் நம் ஊர் விஸ்கி பலவற்றை அங்கே அந்தப் பெயரில் விற்கவே முடியாது. ஆனால் உலகத்திலேயே அதிகம் விற்கும் விஸ்கிகள் எவை என்று பட்டியல் போட்டால் முன்வரிசையில் நிற்பவை இந்தியப் பெயர்கள்தான். வேடிக்கைதான்.

இன்னொரு வேடிக்கை ஆங்கில எழுத்தில். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவிதமாக எழுதுவார்கள், அயர்லாந்துக்காரர்களும் பெரும்பாலான அமெரிக்கர்களும் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு ஈயைச் சேர்த்து எழுதுவார்கள். இதை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கென்டக்கியில் தயாராகிற மேக்கர்ஸ் மார்க் அமெரிக்கச் சரக்காக இருந்தும் அந்த ஈயைப் போடுவதில்லை. தமிழில் எழுதும்போது இந்தப் பஞ்சாயத்தே இல்லை, நம்முடையது எப்போதும் ஈ விழாத விஸ்கிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் வெளிநாடு போய்வருகிறவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் கணக்கில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிவர, நல்ல சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கமும் ஒதுங்க ஆரம்பித்தது. நானும் ஒரு நோட்டுப் போட்டேன். ஆரம்பத்தில் எல்லாமே காப்பிதான். ‘ஹெதர் தேன்’, ‘கிறிஸ்துமஸ் கேக்’, ‘குதிரைச் சேணத் தோல்’ என்று வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியதை அப்படியே எழுதிவைத்தேன். ஹெதர் பூவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குதிரைச் சேணத்தை முகர்ந்து பார்க்க எனக்கு ஏது சந்தர்ப்பம்?

நம்மிடம் வாசத்துக்குச் சொல் இல்லாமலா போய்விட்டது? மிளகாய் வறுத்தால் வருவது நெடி. அது தொண்டையில் இறங்கி இருமவைத்தால் கமறல். பழைய கொப்பரையில் இருப்பது காறல், மீன்கூடையில் இருப்பது வீச்சம். மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் வருவதற்கு வாடை என்று பெயர், அதை யாரும் மணம் என்று சொல்லமாட்டார்கள். நாக்குக்கும் அப்படித்தான். ஓக் பீப்பாயில் அதிக நாள் கிடந்த விஸ்கி நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும், அதை விளக்க மற்றவர்கள் டேனின் என்று வேதியியலுக்குப் போகிறார்கள். வாழைப்பூவைச் சரியாக ஆய்ந்து சமைக்காத வீட்டில் வளர்ந்தவனுக்குத் துவர்ப்பு என்ற ஒரே சொல் போதும். அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு ஒரு புது நோட்டு வாங்கினேன், இனிமேல் நான் நிஜமாகவே முகர்ந்த ஒரு பொருளின் பெயரைத்தான் எழுதுவது என்று முடிவு.

வாசத்துக்குச் சொந்தச் சொல் கிடைத்துவிட்டது, ஆனால் மார்க் போடுகிற ஆசை மட்டும் போகவில்லை. ஜிம் மரே என்ற ஆங்கிலேய விமர்சகர் மணத்துக்கு 25, சுவைக்கு 25, விழுங்கிய பிறகு நிற்கும் முடிவுக்கு 25, மொத்தச் சமநிலைக்கு 25 என்று பிரித்து நூற்றுக்குப் போடுவார். 2010க்கான தன் புத்தகத்தில் பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மார்க் போட்டு உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதியவரும் அவர்தான். அந்த ஒரு எண்ணால் அந்தக் கம்பெனியின் தலையெழுத்தே மாறியது என்று இங்கே பேசிக்கொள்வார்கள். நானும் அதே நான்கு கட்டம் போட்டேன். 86, 87 என்று எழுதும்போது ஒரு கம்பீரம் வருகிறது பாருங்கள், அது வேறெதிலும் வராது.

மறுநாள் சனிக்கிழமை. ஊரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். பாட்டிலைப் பார்த்துக்கொண்டே மார்க் போட்டால் விலைக்குத்தான் மார்க் விழும் என்பதால், ஊற்றுகிற வேலையை என் மனைவியிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் நின்றோம். அவள் குடிக்கமாட்டாள், ஆனால் வீட்டிலேயே கூர்மையான மூக்கு அவளுடையதுதான், பால் திரியப்போவதை அரைமணி முன்னாலேயே சொல்லிவிடுவாள். அம்மாவின் இருமல் மருந்து மூடியில் 15 மில்லி கோடு இருக்கிறது, அதைக் கழுவி அதில் அளந்து ஊற்றினாள். கீழே அகன்று வாய்ப்பக்கம் குறுகின கிளென்கெய்ர்ன் கிளாஸ் என்னிடம் நான்குதான் இருந்தது, மிச்சத்துக்கு டீ கிளாஸ். அடையாளத்துக்கு ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் ஸ்டிக்கர் பொட்டு: ஒன்றில் ஒரு பொட்டு, இரண்டில் இரண்டு பொட்டு, இப்படி ஆறு வரை.

“அஞ்சு பாட்டில்தானே, ஆறு கிளாஸ் எதுக்கு?” என்றேன். “அண்ணன் போன தடவ விட்டுட்டுப் போனது ஒண்ணு இருந்துச்சுங்க, அதையும் சேத்திருக்கேன்” என்றாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முதல் கிளாஸ். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு முகரவேண்டும், இல்லாவிட்டால் சாராய நெடி மட்டும் மூக்கில் ஏறும். பச்சை ஆப்பிள், அன்னாசி, அப்புறம் பேக்கரி வாசலில் வருகிற வெனிலா. கிளென்லிவெட் 12 என்று உடனே பிடித்துவிட்டேன். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி. 1823ல் பிரிட்டன் வரிச்சட்டத்தைத் தளர்த்தியதும் மறு வருடமே அந்தப் பள்ளத்தாக்கில் முதல் ஆளாக லைசென்ஸ் வாங்கிய ஜார்ஜ் ஸ்மித்தின் சரக்கு. சுற்றிலும் எல்லோரும் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் மட்டும் லைசென்ஸ் வாங்கினால் என்ன ஆகும்? கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்து, மனிதர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியோடு திரிந்தாராம். மணம் 22, சுவை 21, முடிவு 19, சமநிலை 22. மொத்தம் 84.

இரண்டாவது மேக்கர்ஸ் மார்க், இதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தேங்காய் பர்ஃபி, கருகின சர்க்கரை, பின்னாலேயே புதுக் கட்டிலின் வார்னிஷ். இந்த அமெரிக்க வகைக்குப் போர்பன் என்று பெயர் போடவேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கவேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊறவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை அவர்கள் போர்பனுக்காக மறுபடி தொட முடியாது. அவை மலிவு விலைக்குக் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகின்றன, அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி. முதல் கிளாஸில் எனக்கு அடித்த வெனிலாவில் பெரும்பகுதி இந்த அண்ணன் சட்டையின் வாசம்தான். புது மரம் என்பதால் போர்பனில் எல்லாமே கொஞ்சம் சத்தமாக இருக்கும். கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி, நல்ல பாட்டாகவே இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 80.

மூன்றாவது கிளாஸில் நின்றுவிட்டேன். மணம் பெரிதாக எதுவும் வரவில்லை, பேரீச்சம்பழம், கொஞ்சம் ஏலக்காய், அவ்வளவுதான். வாயில் வைத்ததும்தான் அது வேறு மாதிரி இருந்தது, நாக்கு முழுக்க வழவழவென்று பரவி, இறங்கிய பிறகும் ஒரு படலம் நின்றது. நோட்டில் ‘நல்லெண்ணெய்’ என்று எழுதினேன். மச்சினன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “அத்தான், இதென்ன கத்தரிக்கா வதக்கவா?” சிரிக்கட்டும். ஐரிஷ் சிங்கிள் பாட் ஸ்டில் விஸ்கியின் குணமே அந்த எண்ணெய்ப் பதம்தான், இது ரெட்பிரெஸ்ட் 12. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்து வடிப்பதால் வருவது. பச்சைப் பார்லி சேர்க்கும் பழக்கம் பெருகியதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டன் மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய பார்லிக்குப் போட்ட வரியைக் காரணமாகச் சொல்வார்கள். வரி ஏய்க்கப்போய் ஒரு சுவையே பிறந்திருக்கிறது.

அயர்லாந்து விஸ்கியின் கதையைக் கேட்டால் பாவமாக இருக்கும். தொடர்ச்சியாக, மலிவாக வடிக்கிற நெடுங்குழாய் வடிகலனுக்கு 1830ல் காப்புரிமை வாங்கியவர் ஈனியஸ் காஃபி, அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். உள்ளூர்க்காரர்கள் இதெல்லாம் விஸ்கியா என்று அதைத் தள்ளிவைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய், அதில் வடித்த லேசான சரக்கை மால்ட்டோடு கலந்து, பிளெண்டட் ஸ்காட்ச் என்று உலகம் முழுக்க விற்றார்கள். பிறகு சுதந்திரப் போர், அமெரிக்க மதுவிலக்கு என்று அடிமேல் அடி விழுந்ததில் 1980களின் தொடக்கத்தில் அந்தத் தீவு முழுக்கவே வடக்கே புஷ்மில்ஸ், தெற்கே மிடில்டன் என்று இரண்டே வடிசாலைகள்தான் மிஞ்சின. ரெட்பிரெஸ்ட் அந்த மிடில்டனில் வடிப்பது. 88 போட்டேன்.

நான்காவதை மேஜையிலிருந்து எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. லஃப்ராய்க் 10. மச்சினன் ஒருமுறை முகர்ந்துவிட்டு, “ஆஸ்பத்திரில தீ புடிச்சிருச்சு அத்தான்” என்றான். என் மனைவி ஊற்றும்போதே பிடித்துவிட்டாளாம், “கருவாடு சுட்ட அடுப்புல யாரோ டெட்டால ஊத்துன மாதிரி.” நான் படித்த எந்த வெளிநாட்டுக் குறிப்பும் இதைவிடத் துல்லியமாகச் சொன்னதில்லை. இதை வடிக்கிற ஐலா தீவில் மரம் குறைவு. சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மட்கி அமுங்கிய பாசியும் புல்லும் பீட் என்ற பெயரில் மண்கட்டி மாதிரி வெட்டி எடுத்துக் காயவைக்கப்படும், முளைகட்டிய பார்லியை உலர்த்துவது அந்தப் புகையில்தான். அதில் ஏறுகிற, புகை வாசம் தருகிற ஃபீனால்களைத்தான் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பெருமையாகச் சொல்வார்கள், லஃப்ராய்க்குக்குச் சுமார் 40, ஆக்டோமோர் என்ற அசுரனுக்கு 100க்கும் மேல். இங்கே பலர் கோட்டைவிடுகிற ஒரு விஷயம், அந்த எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது இல்லை. ஊறவைத்து, நொதிக்கவைத்து, வடித்து வருவதற்குள் நிறையப் போய்விடும். அதனால் எண்ணைப் பார்த்துப் புகையை ஊகிக்கக்கூடாது.

எனக்கு அந்தக் கமறலில் ஊர் தெரிந்தது. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் சைக்கிளில் போனால் பனையோலை எரிகிற புகையும் உப்புக்காற்றும் காய்ந்த மீனும் சேர்ந்து ஒரு வாசம் வரும். ஸ்காட்லாந்தின் ஒரு தீவு எப்படி உடன்குடி மாதிரி மணக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, கடலும் புகையும் எங்கே சேர்ந்தாலும் அப்படித்தான் போல. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சரக்கு வேலை செய்கிறது என்பீர்கள். 93.

ஐந்தாவது அம்ருத் ஃப்யூஷன், சாராயம் 50 சதவீதம். பெயருக்கேற்ற மாதிரி இந்தியப் பார்லியும் ஸ்காட்லாந்திலிருந்து வருகிற புகையேற்றிய பார்லியும் இதில் சேர்கின்றன. மைசூர் சாலையில் கம்பிபுராவில் வடிக்கிறார்கள், என் வீட்டிலிருந்து டிராஃபிக் இல்லாத நாளில் ஒரு மணி நேரம், அதாவது வருடத்தில் மூன்று நாள். 2004ல் இந்தக் கம்பெனி தன் முதல் சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் வடித்த மால்ட் விஸ்கி) கொண்டுபோய் இறக்கிய இடம் கிளாஸ்கோ. திருநெல்வேலியில் அல்வாக் கடை போடுகிற துணிச்சல். உள்ளூர்க் கடைக்கு வர அதற்குப் பிறகும் சில வருடம் ஆனது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூர் வெயிலில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அதே வெயிலில் மரத்தின் சாரம் வேகமாக இறங்குவதால் நான்கைந்து வருடத்திலேயே விஸ்கி பக்குவமாகிவிடுகிறது. 12 வருடம், 18 வருடம் என்று லேபிளில் வயதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முகர்ந்தால் முதலில் நெடிதான். ஒரு சின்ன ஸ்பூன் தண்ணீர் விட்டேன். தண்ணீர் விடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இதைக் கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்த்தார்கள். புகை வாசத்துக்குக் காரணமான குவாயக்கால் என்ற மூலக்கூறு சாராயம் அதிகமாக இருந்தால் உள்ளேயே முங்கிக் கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து சாராயம் 45 சதவீதம் வாக்கில் இறங்கியதும் மேலே மிதந்து வருகிறது. என் கிளாஸிலும் வந்தது. வறுத்த கருப்பட்டி, ஆரஞ்சுத்தோல், அடியில் கொஞ்சம் அடுப்புப்புகை. 90.

ஆறாவது. இரண்டு புகைச் சரக்கு இறங்கிய பிறகு இதில் ஒன்றுமே தெரியவில்லை. ‘தண்ணீர், சோளப்பொரி, அட்டைப்பெட்டி வாடை, ஏதோ மலிவான பிளெண்ட்’ என்று எழுதி 71 போட்டேன். மச்சினன் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு யோசித்தான். “அத்தான், இது மொத கிளாஸ் மாதிரியே இருக்கே.” “மாப்ள,” என்று தோளைத் தட்டினேன், “பழகப் பழகத்தான் வித்தியாசம் தெரியும்.” இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த வாத்தியார்த்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது.

மனைவி சமையல் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து பிரித்தாள். ஒன்றுக்கு நேராகக் கிளென்லிவெட். ஆறுக்கு நேராகவும் கிளென்லிவெட். “ரெண்டும் ஒரே பாட்டில்தாங்க. அண்ணன் எதையும் விட்டுட்டெல்லாம் போகல” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். 13 மார்க் வித்தியாசம். அதே மூக்கு, அதே நாக்கு, நடுவில் முக்கால் மணி நேரம். இதுவரை ஒரு விஸ்கியை ஒழுங்காக முகர்ந்தே பார்க்காதவன் கண்டுபிடித்துவிட்டான், ஏனென்றால் அவன் மார்க் போட்டுக்கொண்டிருக்கவில்லை. எதற்குப் பிறகு எதைக் குடிக்கிறோம் என்பதில்தான் பாதி மார்க் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் படித்திருக்கிறேன். படித்து என்ன? லட்டு தின்றுவிட்டுக் காபி குடித்தால் கசக்கும் என்று தெரிந்த ஊரில் பிறந்தவன், அதை 71 என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஜப்பான் எங்கே என்று கேட்பீர்கள். அந்த விலைக்கு என்னால் முடியவில்லை. நண்பர் வீட்டில் ஒருமுறை மிசுனாரா ஓக் மரத்தில் ஊறிய ஒரு சரக்கை 30 மில்லி குடித்தேன். முகர்ந்ததும் மைசூர் சாண்டல் சோப்பு, சந்தேகமே இல்லை. 1918ல் ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி, 1923ல் தொடங்கிய யமசாகி வடிசாலையில் வேலை பார்த்து, 1934ல் ஹொக்கைடோவின் யொய்ச்சியில் சொந்தமாக ஆரம்பித்த மசடாகா டகெட்சுருவின் கதை பெரிது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். மார்க் போடமாட்டேன்.

மார்க் போடுவதை அந்தச் சனிக்கிழமையோடு விட்டுவிட்டேன். ஐந்து பாட்டிலையும் அலமாரியில் வரிசையாக வைத்து, மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, மறந்துபோனேன். அது பிப்ரவரி. தீபாவளிக்கு முந்தின வாரம் எடுத்துப் பார்த்தால் 93 வாங்கிய லஃப்ராய்க் முக்கால் பாட்டில் அப்படியே நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், அதைக் குடிக்க மழை பெய்யவேண்டும், மறுநாள் லீவாக இருக்கவேண்டும், மனைவி வேறு அறையில் இருக்கவேண்டும். அம்ருத் பாதி. போர்பனை விருந்தாளிகள் பார்த்துக்கொண்டார்கள். 84ம் 71ம் வாங்கின கிளென்லிவெட் அடியில் இரண்டு விரல்தான் மிச்சம். ரெட்பிரெஸ்ட் ஜூனிலேயே காலி. சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம், கிரிக்கெட் பார்க்கும்போது கொஞ்சம், காரணமே இல்லாமல் கொஞ்சம் என்று அது பாட்டுக்குப் போயிருக்கிறது.

அந்தக் காலி பாட்டில் கனமாக, அழகாக இருந்தது. அம்மாவுக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வெந்நீரில் கழுவிக் காயவைத்து, ஊரிலிருந்து வந்த செக்கு நல்லெண்ணெயை ஊற்றிக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டாள். தீபாவளிக்கு மச்சினன் வந்தான். விடியற்காலை நாலரைக்குக் குளிக்கப் போனவன் துண்டோடு வெளியே வந்து, பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, “அத்தான், ரெண்டு பெக் மிச்சம் இருக்கே, இங்க எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீய?” என்று ரகசியமாகக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கார்க்கைப் பிடுங்கி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நிதானமாக முகர்ந்தான்.

“அன்னைக்கு நீங்க எழுதுனப்ப நான் சிரிச்சேன் அத்தான்,” என்றான். “நல்லெண்ணெய் வாசம் அப்படியே அடிக்குது.”